குறுங்குடிக்காரரின் சொல்

மகேந்திரகிரியின் ஒரு சரிவு நாஞ்சில் நாட்டு வயல்களைப் பார்த்து இறங்குகிறது. மறு சரிவின் அடிவாரத்தில் திருக்குறுங்குடி. குறுக்கே மலை நின்றாலும் இரண்டு பக்கத்துக்கும் கொள்வினை கொடுப்பினை பழசு. நம்மாழ்வாரின் தாய் உடையநங்கை பிறந்தது நாகர்கோவிலை ஒட்டிய திருப்பதிசாரத்தில், பழம்பெயர் திருவண்பரிசாரம். குருகூர்க் காரியாருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண், பிறந்தகம் வந்து திரும்பும் வழியில் கணவரோடு திருக்குறுங்குடி நம்பியிடம் பிள்ளை வரம் கேட்டாள் என்றும், நம்பியே பிள்ளையாக வந்து பிறந்தான் என்றும் வைணவ மரபு சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டில் வேணாட்டு அரசன் ஆதித்தவர்மன் அந்தக் கோயிலுக்குப் பெரிய மணியொன்று அளித்தான். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் குறுங்குடி அடுத்த வீட்டு ஊர்.

அந்த ஊரில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தரம் அய்யங்கார். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார் என்பது முழுப்பெயர். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை மொபெட்டிலும் லாரியிலும் உதிரிபாகப் பெட்டியிலும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அதன் முதல் எழுத்து ஒரு திவ்விய தேசம் என்பது சட்டென்று படுவதில்லை. தொழில் வளர்ந்து மதுரை, சென்னை, ஓசூர் என்று பரவிய பின்னும் அந்த மனிதர் தம் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டே போனார்.

அவரைப் புரிந்துகொள்ள அந்த ஊரின் கதையொன்றைத் தெரிந்திருக்க வேண்டும். பாணர் குலத்தில் பிறந்த நம்பாடுவான் என்பவர், கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாத காலத்தில், வெளியே நின்று நம்பியைப் பாடி வந்தார். கார்த்திகை மாதத்து ஏகாதசி இரவு பாடுவதற்காகப் புறப்பட்டபோது வழியில் ஒரு பிரம்மராட்சசன் மறித்துக்கொண்டது. பசியோடிருந்த அதனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: பாடிவிட்டு வருகிறேன், வந்ததும் என்னைத் தின்றுகொள். ராட்சசன் நம்பவில்லை. சத்தியத்துக்கு மேல் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் போனார். கொடிமரம் மறைத்ததால் நம்பியைப் பார்க்க முடியாமல் தவித்தார். கொடிமரம் தானே சற்று விலகி நின்றது. இன்றைக்கும் குறுங்குடியில் கொடிமரம் சன்னிதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி நிற்பதைக் காட்டி ஊரார் இந்தக் கதையைச் சொல்வார்கள். பாடி முடித்தவர் தப்பித்துப் போகவில்லை. சொன்னபடி திரும்பி வந்து ராட்சசன் முன் நின்றார். அவர் பாடிய கைசிகப் பண்ணின் பலனைப் பெற்று ராட்சசனும் சாபம் நீங்கினான்.

இந்தக் கதைக்கு இரண்டு பாதி. சொன்ன சொல்லுக்காக இருட்டு வழியில் திரும்பி வந்த மனிதன் ஒரு பாதி. அவனுக்காக விலகி நின்ற கொடிமரம் மறு பாதி. சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கையை இந்த இரண்டையும் கொண்டுதான் அளக்க வேண்டும்.

இளமையில் அவர் போன பாதை அக்காலத்துப் படித்த அய்யங்கார் பிள்ளைகள் எல்லோரும் போனதுதான். வக்கீல் தொழிலில் தொடங்கி, ரயில்வேயில் வேலை பார்த்து, பிறகு வங்கிக்கு வந்தார். மாதச் சம்பளமும் கௌரவமும் உள்ள வேலைகள். 1911இல், 34 வயதில், குடும்பஸ்தராக இருக்கும்போது அவற்றை விட்டுவிட்டு மோட்டார் தொழிலில் இறங்கினார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய பேருந்து சாலையில் ஓடியது. தென்தமிழகத்தில் மோட்டார் வண்டியே வேடிக்கைப் பொருளாக இருந்த காலம். பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் குறைவு. பழுது பார்க்கத் தெரிந்த கைகள் அதைவிடக் குறைவு. ஓட்டுநர், நடத்துநர், கம்மியர் என்ற தொழில்களே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. ஆகவே பேருந்து விட நினைத்தவர் வண்டியோடு சேர்த்துப் பணிமனையையும், உதிரிபாகக் கிடங்கையும், வேலை கற்றுக்கொடுக்கும் இடத்தையும் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் டி.வி.எஸ். குழுமம் உதிரிபாகங்களில் இவ்வளவு ஆழமாகக் காலூன்றியதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பயணிகளின் நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மாட்டுவண்டியில் போகிறவன் நேரம் பார்ப்பதில்லை. மாடு களைத்தால் நிற்பான், நிலா எழுந்தால் பூட்டுவான். ஆரம்பகால மோட்டார் முதலாளிகளிலும் பலர் இருக்கை நிரம்பும்வரை வண்டியை எடுக்க மாட்டார்கள். வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டால் ஆள் சேர்ந்ததும் என்பதுதான் பதில். அதில் தொழில் நியாயமும் இல்லாமலில்லை. காலி இருக்கையோடு ஓடும் ஒவ்வொரு மைலும் நட்டம்.

சுந்தரம் அய்யங்கார் இந்த நியாயத்தை ஏற்கவில்லை. அட்டவணையில் போட்ட நேரத்துக்கு வண்டி புறப்பட்டாக வேண்டும். ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. அவருடைய வண்டி போவதைப் பார்த்து வழியோரக் கிராமத்தார் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று மதுரைச் சீமையில் பல தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். சரளைச் சாலையில் மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தி நேரத்தைக் கெடுத்தன. அதற்காகக் காந்தம் பொருத்திய வண்டியொன்றைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கினார் என்பதும் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதைகளில் ஒன்று. சாலை அரசாங்கத்துடையது, ஆணி மாட்டுக்காரனுடையது. ஆனாலும் தாமதம் தம்முடையது என்று எடுத்துக்கொண்ட மனம் இந்தக் கதையில் தெரிகிறது.

இந்த மனம் எங்கிருந்து வந்தது? மேலை நாட்டு நிர்வாக நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. கோயில் ஊரில் பிறந்தவனுக்குக் கால நியமம் பாலோடு புகட்டப்படுகிறது. விசுவரூபம், காலசந்தி, உச்சி, சாயரட்சை, அர்த்தசாமம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. மழையடித்து ஊரே வெறிச்சோடிக் கிடந்தாலும் நடை திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கும். சேவிக்க ஆள் வரட்டும் என்று அர்ச்சகர் காத்திருப்பதில்லை. வைணவத்தில் இதற்குக் கைங்கர்யம் என்று பெயர். பலனை எண்ணாமல், குறித்த வேலையைக் குறித்த நேரத்தில் குறையில்லாமல் செய்துவைப்பது. நம்பிக்கு முன்னால் விடியலில் விளக்கேற்றுகிறவனும், ஒரே ஒரு கிழவியை ஏற்றிக்கொண்டு ஐந்து மணி வண்டியை எடுக்கிறவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

உலகத்தின் வேறொரு மூலையிலும் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கடைக்காரர்கள், பேரம் பேசுவது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதி, பொருளுக்கு ஒரே விலை வைத்தார்கள். குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற பேர் பரவி, அவர்கள் கடைகள் செழித்தன. காட்பரி குடும்பம் அந்த மரபில் வந்ததுதான். 1879இல் பர்மிங்காமுக்கு வெளியே போர்ன்வில்லில் தொழிற்சாலை அமைத்து, பின்னர் அதைச் சுற்றி வீடும் தோட்டமும் உள்ள குடியிருப்பையும் எழுப்பினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நகர் என்ற குடியிருப்பும், குழுமத்தின் பெயர் தாங்கிய பள்ளியும் உண்டு. ஒரே விலை என்பது அவர்களுக்குச் சத்தியம். இவருக்கு ஒரே நேரம்.

பேருந்தின் நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாஞ்சில் நாட்டாரிடம் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதிக்கு ரயில் வந்தது 1979இல், அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலியோடு இருப்புப்பாதை இணைந்தது 1981இல். அதுவரைக்கும் நான்கு தலைமுறை மனிதர்கள் கல்லூரிக்கும் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேருந்தை நம்பியே போனார்கள். தோவாளையில் விடியுமுன் கட்டிய பூமூட்டை சந்தைக்குப் போய்ச் சேர அரைமணி பிந்தினால் விலை போய்விடும். கோட்டாற்றுக் கம்போளத்துச் சரக்குக்கும் அதே கதி. சுசீந்திரம் மார்கழித் தேர், கோட்டாற்றுச் சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்று பேருந்து முதலாளிகளின் வருஷக் கணக்கே திருவிழாக் கணக்காக இருந்தது. நாகர்கோவிலில் பயோனியர் என்ற பேருந்துப் பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்களின் முகம் மலரும். வெட்டூர்ணிமடத்தில் பயோனியர் குமாரசுவாமி கல்லூரி அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்து ஓட்டிச் சம்பாதித்தவர் கல்விக்கோ கோயிலுக்கோ ஏதாவது செய்துவைக்க வேண்டும் என்பது தென்கோடியில் எழுதப்படாத சட்டமாகவே இருந்தது.

சுந்தரம் அய்யங்காரின் காலத்தில் ஆரல்வாய்மொழி ஓர் எல்லை. கணவாய்க்குக் கிழக்கே பிரிட்டிஷ் இந்தியா, மேற்கே திருவிதாங்கூர். நடுவில் சுங்கம் வசூலிக்கும் சௌக்கை. மேற்கே பேருந்துத் தொழிலின் கதை வேறு விதமாகப் போயிற்று. திருவிதாங்கூர் அரசே 1938 பிப்ரவரியில் பேருந்துத் துறையைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்தில் அனுபவம் பெற்ற சால்டர் என்ற அதிகாரியை வரவழைத்துப் பொறுப்பில் அமர்த்தினார்கள். முதலில் எடுத்துக்கொண்ட தடங்களில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலையும் ஒன்று. மேற்கே ஓர் அரசு கஜானாவைத் திறந்து, வெளிநாட்டு நிபுணரைக் கொண்டு செய்ய முயன்ற ஒழுங்கை, கிழக்கே ஒரு தனிமனிதர் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே தம் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கியிருந்தார்.

இரண்டாம் உலகப் போர் அந்த ஒழுங்கைச் சோதித்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942இல் மலேயா ஜப்பானிடம் விழுந்ததும் ரப்பரும் அரிதாயிற்று. எரிபொருளும் இல்லை, டயரும் இல்லை. பல பேருந்துகள் கொட்டகையில் முடங்கின. சுந்தரம் அய்யங்காரின் பணிமனை கரிவாயுக் கலத்தை உருவாக்கியது. டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று பெயர். மரக்கரியைக் குறைவான காற்றில் கனலவிட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த எரிவாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, எந்திரத்துக்குள் செலுத்தினால் பெட்ரோல் இல்லாமலும் வண்டி ஓடும். சொல்வதற்குச் சுலபம். ஓட்டுநர் புறப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும், துருத்தி ஊத வேண்டும், சாம்பல் வாற வேண்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். எந்திரத்தின் வலுவும் குறைந்துவிடும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். ஆனாலும் வண்டி ஓடியது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போர்த்தும் தொழிற்சாலையையும் அவர் தொடங்கினார்.

போரில் கொள்ளை லாபம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். பதுக்கலும் கள்ளச் சந்தையும் அந்த ஆண்டுகளின் தேசியத் தொழில். அந்த நேரத்தில் ஒருவர் பெட்ரோலைத் தேடி அலையாமல் கரியைக் கொண்டு வண்டியை ஓட்ட வழி தேடியதை வெறும் சாமர்த்தியம் என்று சொல்லி நகர முடியாது. பாடிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவனுக்குத் திரும்பி வராமலிருக்க நூறு காரணம் இருந்தது. போர்க்காலத்துப் பேருந்து முதலாளிக்கும் அப்படித்தான்.

வெளியே இப்படி. இனி வீட்டுக்குள்.

சுந்தரம் அய்யங்கார் – லட்சுமி அம்மாள் தம்பதிக்குப் பிள்ளைகள் பலர். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா முதலிய மகன்கள் தொழிலை எடுத்துக்கொண்டு வளர்த்தார்கள். நிறுவனத்தின் பெயரிலேயே அண்டு சன்ஸ் என்று மகன்களுக்கு இடம் இருந்தது. மகள்களுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. அக்காலத்து எந்த நிறுவனத்தின் பெயரிலும் இல்லை. அப்படி இடம் பெறாத மகள்களில் ஒருவர் சௌந்தரம்.

ஆசாரக் குடும்பத்து வழக்கப்படி சௌந்தரத்துக்குச் சிறுவயதிலேயே கல்யாணம் ஆயிற்று. கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் பரவியபோது நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர், அதே நோய்க்கு இரையானார். இளம் வயதிலேயே சௌந்தரம் கைம்பெண். அந்த நாளைய அய்யங்கார் வீட்டில் கைம்பெண்ணின் நிலை என்ன என்பது தெரிந்ததுதான்: கொல்லைப்புறம், வெள்ளைப் புடவை, மழித்த தலை. சுந்தரம் அய்யங்காரும் லட்சுமி அம்மாளும் மகளை அப்படி ஒடுக்கி வைக்கவில்லை. படிக்க வைத்தார்கள். டெல்லியில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1936இல் சௌந்தரம் மருத்துவப் பட்டம் பெற்றார். கொடிமரம் இந்த அளவுக்கு விலகியது. அந்தத் தலைமுறையில், அந்தச் சமூகத்தில், இது சிறிய விலகல் இல்லை.

டெல்லியில் காந்தியின் வட்டத்தோடு பழக்கம் ஏற்பட்டது. அரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். ராமச்சந்திரன் திருவிதாங்கூர்க்காரர், நெய்யாற்றின்கரைப் பக்கம், சாந்திநிகேதனில் படித்தவர். நாயர் குலம். இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள். விதவை மறுமணம், அதுவும் குலம் கடந்து. குடும்பம் ஒப்பவில்லை. விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் வீட்டு வாசலைத் தாண்டி அது உள்ளே வரவில்லை. காந்தி இருவரையும் ஓராண்டு பிரிந்திருக்கச் சொன்னார், கடிதம்கூடக் கூடாது. அவர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகும் மனம் மாறாததைக் கண்டு, 1940 நவம்பர் 7ஆம் தேதி காந்தியே முன்னின்று திருமணத்தை நடத்திவைத்தார்.

அந்தக் காலத்து மதுரையை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. 1939 ஜூலை 8ஆம் தேதிதான் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட சமூகத்தாரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். ஊர் இரண்டுபட்டது. எதிர்ப்பாளர்கள் கோயிலுக்குப் போவதையே நிறுத்தினார்கள். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் தேதியே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்துவிட்டது என்பதால் நாஞ்சில் நாட்டுக் கோயில்கள் மதுரைக்கு முன்னாலேயே திறந்துவிட்டன. இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட ஆண்டுகளில், ஆசாரமான ஒரு வைணவக் குடும்பத் தலைவருக்கு மகளின் இரண்டாம் திருமணம் எத்தனை பெரிய இடியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகிக்கலாம் என்பதற்காக அவர் செய்தது சரியென்று ஆகிவிடாது. படிக்க அனுப்பிய அதே கை, வாழ அனுப்பத் தயங்கியது. பேருந்துச் சாலையில் ஓர் ஆணியைக்கூடச் சகிக்காத மனிதரின் வீட்டில், மகளின் வழியில் கிடந்த தடையை அகற்ற வெளியூரிலிருந்து ஒரு கிழவர் வர வேண்டியிருந்தது.

பக்தியுள்ள குடும்பத் தலைவர்களை நினைவுகூரும் எழுத்துகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். உழைப்பு, நேர்மை, தெய்வ பக்தி, தான தருமம் என்று ஒரே வரிசையில் போகும் அந்த எழுத்துகளைப் படிக்கிறபோது செத்தவர் யாரென்றே தெரியாது. யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மனிதரை மதிப்பதென்றால் அவர் நின்ற இடத்தையும் தயங்கிய இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சுந்தரம் அய்யங்கார் போன்ற பெரிய ஆகிருதிக்கு இந்த மதிப்புத்தான் பொருத்தம். மழுப்பல் அவருக்கு அவமரியாதை.

1955 ஏப்ரல் 28ஆம் தேதி, 78 வயதில், கொடைக்கானல் இல்லத்தில் அவர் காலமானார். சதர்ன் ரோட்வேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று தொழில் விரிந்திருந்தது. முந்தைய ஆண்டுதான் மகன் சந்தானம் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கியிருந்தார். லாரி வாங்க நினைக்கும் சாதாரண மனிதருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம். வண்டி ஓட்டுகிறவனையே வண்டிக்குச் சொந்தக்காரனாக்கும் வழி அது. 1960களில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாஸனர்ஸ் என்று உற்பத்தித் தொழில்கள் வரிசையாக எழுந்தன. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. பால்காரரும், மீன்காரரும், கிராமத்து ஆசிரியரும் அதை வாங்கினார்கள். மகேந்திரகிரியின் இரண்டு பக்கத்திலும் தேங்காய்க் குலையும் வாழைத்தாரும் சுமந்து அது ஓடியது.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1956 நவம்பர் 1ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆரல்வாய்மொழி அதன்பின் எல்லை இல்லை. 1972இல் தமிழக அரசு பேருந்துத் தடங்களை எடுத்துக்கொண்டபோது மதுரையில் டி.வி.எஸ். பேருந்துகளைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. குடும்பம் தொழில் தொடங்கிய அந்த முதல் வேரே அறுபட்டது. ஆனால் அந்தப் பணிமனைகளில் வேலை கற்றவர்களும், அட்டவணை போடத் தெரிந்தவர்களும் அரசுக் கழகத்துக்குள் போனார்கள். 1980களில் நாகர்கோவிலைத் தலைமையாகக் கொண்டு குமரி இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணி பெயரில் தனிக் கழகம் வந்தபோது, தமிழகம் முழுக்கப் பேருந்து நேரம் என்பது அரசு தர வேண்டிய உரிமை என்று மக்கள் எதிர்பார்க்கப் பழகியிருந்தார்கள். ஒரு தனியார் முதலாளியின் பிடிவாதமாக இருந்தது பொது உரிமையாக மாறியது, அவர் விட்டுப்போன சொத்துக் கணக்கில் வராத சொத்து.

கோயில் பக்கமும் கணக்கு உண்டு. பேரன் வேணு சீனிவாசன் திருக்குறுங்குடிக் கோயில் திருப்பணியை ஏற்றார். பின்னர் அவர் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்த காலத்தில் திருவரங்கத்தில் நடந்த திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. குடும்ப வழியில் வந்த நாட்டியக் கலைஞர் அனிதா ரத்னம், நாடக ஆசிரியர் சே. இராமானுஜத்தோடு சேர்ந்து, 1990களின் இறுதியில் குறுங்குடியில் கைசிக நாடகத்தை மீட்டெடுத்தார். கோயிலைச் சார்ந்த கணிகையர் மரபில் பேணப்பட்ட நாடகம் அது. அந்த மரபு ஒடுங்கியபோது நாடகமும் தேய்ந்திருந்தது. இப்போது ஒவ்வொரு கைசிக ஏகாதசி இரவிலும் பெண்களே நம்பாடுவானாகவும் ராட்சசனாகவும் வேடம் கட்டுகிறார்கள். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பாணனின் கதையை, கோயிலிலிருந்து ஒதுக்கப்பட்ட பெண்களின் கலையைக் கொண்டு, ஆசாரக் குடும்பமொன்றின் வழிவந்த பெண் திரும்பக் கொண்டுவந்தார்.

சொத்துப் பிரிவினையும் வந்தது. ஒரே குடையின்கீழ் நூறாண்டுக்கு மேல் இருந்த குடும்பம், 2020 டிசம்பரில் உடன்பாடு கண்டு, 2022இல் நிறுவனங்களை அவரவர் கிளைக்கு ஒதுக்கிக்கொண்டது. தென்னிந்தியக் கூட்டுக் குடும்பச் சொத்துகள் பெரும்பாலும் நீதிமன்ற வராந்தாவில்தான் பிரிகின்றன என்பதை நாஞ்சில் நாட்டார் தங்கள் வீட்டு வயல் வழக்குகளிலேயே பார்த்திருக்கிறார்கள். மூன்று நான்கு தலைமுறைக்குப் பின், அத்தனை பெரிய சொத்து பேசித் தீர்க்கப்பட்டது என்பதில் முதல் தலைவரின் பழக்கம் தெரிகிறது.

சௌந்தரம் ராமச்சந்திரன் 1947 அக்டோபரில் கணவரோடு சேர்ந்து மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே, சின்னாளப்பட்டியை அடுத்து, காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்ன மருத்துவ விடுதியும் கிராமச் சேவிகைகளுக்கான பயிற்சியுமாகத் தொடங்கியது, பின்னாளில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1952இலும் 1957இலும் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் சௌந்தரம் தேர்ந்தெடுக்கப்பட்டார்; மத்தியக் கல்வித் துறைத் துணையமைச்சரானார். 1984இல் மறைந்தார். தகப்பனாரின் நிறுவனப் பட்டியலில் காந்திகிராமம் இருக்காது. ஆனால் குறித்த வேலையைக் குறித்த நேரத்தில், வருகிறவர் யாரென்று பாராமல் செய்யும் பழக்கத்தை மகள் அந்த வீட்டிலிருந்துதான் எடுத்துப்போனார். வீடு தர மறுத்ததையும் சேர்த்து அங்கே பிறருக்குக் கொடுத்தார். சுந்தரம் அய்யங்காரின் வரலாற்றை முழுதாக எழுத முன்வருகிறவர் மதுரைப் பணிமனையையும் குறுங்குடி சன்னிதியையும் பார்த்துவிட்டுச் சின்னாளப்பட்டிக்கும் ஒரு பஸ் ஏற வேண்டும்.